வாசகர் கேள்வி–பதில்: நாய் ‘அவன்’, பூனை ‘அவள்’, கோழி ‘அது’

வீட்டுப் பிராணிகளைப் பற்றி ஜேர்மன் மொழியில் நாலு வசனம் பேசுவதற்குச் சிறுபிள்ளைகளைப் பழக்குவது எப்படி என்று கேட்டு, திருகோணமலை நகரிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. ஜேர்மனியிலோ சுவிற்சர்லாந்திலோ உறவுகள் இருக்கும் வீடுகள் இங்கே பல என்பதால், கேட்பவர்களின் தேவை ஒன்றுக்கொன்று நெருங்கியதாகவே இருக்கிறது. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து, ஆறு கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

என் ஆறு வயது மகள் அடுத்த ஆண்டு ஜேர்மனியில் இருக்கும் தந்தையிடம் செல்லவிருக்கிறாள். காணொளிகளைப் பார்த்து மிருகங்களின் பெயர்களை எல்லாம் பாடமாக்கிவிட்டாள். ஆனால் எங்கள் வீட்டு நாயைப் பற்றி ஒரு வசனம் சொல் என்றால் விழிக்கிறாள். சொன்னாலும் நாய், பூனை, கோழி எல்லாவற்றுக்கும் ‘டாஸ்’ என்றே சொல்கிறாள். திருத்த வேண்டுமா, விட்டுவிடலாமா? – ஒரு தாய், உப்புவெளி

பெயர்ப் பட்டியல் பாடமாவது எளிது. அதனால் வரும் பயனும் அந்த அளவே. நாய் ‘ஹுண்ட்’, பூனை ‘கட்ஸெ’, கோழி ‘ஹூன்’ என்று தனித்தனியாக மனத்தில் ஏறிய சொற்களை வசனத்துக்குள் கொண்டுவர முயலும்போதுதான், தமிழ்ப் பிள்ளை முட்டிக்கொள்ளும் இடம் தெரியவருகிறது. நமக்கு மிருகங்கள் அனைத்தும் அஃறிணை; எதைச் சுட்டினாலும் ‘அது’ போதும். ஜேர்மன் மொழியிலோ ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் மூன்று பாலில் ஒன்றைச் சேர்ந்தது; அந்தப் பாலுக்கேற்ப ‘டேர்’, ‘டீ’, ‘டாஸ்’ என்ற சிறுசொற்களில் ஒன்று பெயருக்கு முன்னே வரும். ‘டேர் ஹுண்ட்’ என்பதால் நாயைச் சுட்ட ‘ஏர்’, அதாவது அவன். ‘டீ கட்ஸெ’ என்பதால் பூனையைச் சுட்ட ‘ஸீ’, அதாவது அவள். ‘டாஸ் ஹூன்’ என்பதால் கோழியைச் சுட்ட ‘எஸ்’, அதாவது அது. உங்கள் மகள் எல்லாவற்றையும் ‘டாஸ்’ ஆக்குவது கவனக்குறைவினால் அன்று. தமிழில் தனக்குத் தெரிந்த ஒழுங்கை அங்கேயும் பொருத்திப் பார்க்கிறாள்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெற்றோர் பலர் அதைக் கவனிப்பதில்லை. ‘இது என் நாய்’ என்பதற்கு ஜேர்மன் மொழியில் ‘டாஸ் இஸ்ட் மைன் ஹுண்ட்’ என்பார்கள். பூனையானாலும் ‘டாஸ் இஸ்ட் மைனெ கட்ஸெ’ என்பதே சரி. இங்கே வரும் ‘டாஸ்’ வெறும் சுட்டுச்சொல். நாய்க்கும் பூனைக்கும் கோழிக்கும் மாறாமல் நிற்கும். காணொளிகளில் படத்தைக் காட்டி மீண்டும் மீண்டும் சொல்லப்படுவது இந்த வசனம்தான். எனவே மகள் ‘டாஸ் இஸ்ட்’ என்று தொடங்கும்போது அதைப் பிழை என்று நிறுத்திவிடாதீர்கள். சரியாகச் சொன்னதைத் திருத்தினால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். ‘டாஸ் ஹுண்ட்’ என்று பெயரோடு நேரே ஒட்டும்போதுதான் தலையிட வேண்டும். அப்போதும் ‘பிழை’ என்ற சொல் வேண்டாம். அவள் ‘டாஸ் ஹுண்ட் இஸ்ட் பிரௌன்’ என்றால், நீங்கள் மகிழ்ச்சியோடு ‘யா, டேர் ஹுண்ட் இஸ்ட் பிரௌன். ஏர் இஸ்ட் பிரௌன்’ என்று சரியான வடிவத்தைத் திருப்பிச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள். காதில் விழுந்தால் போதும். அந்த வயதில் ஆண்பால், பெண்பால், ஒன்றன்பால் என்று விளக்கம் சொல்லப் புகுவது வீண்வேலை.

நம் வீடுகளில் இருக்கும் ஒரு பேச்சுப் பழக்கம் இங்கே துணைக்கு வரும். வளர்க்கும் நாயை நாம் ‘அது’ என்பதில்லை. ‘ஜிம்மி இன்னும் சாப்பிடேல்ல, அவனுக்குச் சோறு வையுங்கோ’ என்றுதான் அம்மம்மாவும் சொல்வார். ஆகவே நாயை ‘ஏர்’ என்பது பிள்ளைக்குப் புதுமையாக இராது. ஆனால் ஓர் எச்சரிக்கை: நாம் ‘அவன்’, ‘அவள்’ என்பது அந்த மிருகம் ஆணா பெண்ணா என்பதைப் பார்த்து, ஜேர்மன் மொழி பார்ப்பது சொல்லின் பாலை. வீட்டில் நிற்பது கடுவன் பூனையாக இருந்தாலும் ‘கட்ஸெ’ என்ற சொல்லைப் பயன்படுத்தினால் ‘ஸீ’ என்றே தொடர வேண்டும். கடுவனைக் கடுவன் என்றே சொல்ல விரும்பினால் ‘டேர் காட்டர்’ என்ற சொல் இருக்கிறது. அதற்கு ‘ஏர்’ வரும். பூனைக்குட்டியைக் ‘கெட்ஸ்ஷென்’ என்றாலோ அது ‘டாஸ்’ ஆகிவிடும், ஏனெனில் ‘ஷென்’ என்று முடியும் குறுமைப் பெயர்கள் எல்லாம் அந்தப் பாலில்தான் அடங்கும். முயலைக் குறிக்கும் ‘கனீன்ஷென்’ என்ற சொல்லும் அப்படியே. ‘எ’ ஒலியில் முடியும் பெயர்களில் மிகப் பல ‘டீ’ சேர்ந்தவை: பூனை, ஆட்டுக்கு வழங்கும் ‘ட்ஸீகெ’, ஆமைக்கு வழங்கும் ‘ஷில்ட்க்ரோட்டெ’, காகத்துக்கு வழங்கும் ‘க்ரேயெ’ எல்லாம் இவ்வகை. சிங்கமும் குரங்கும் இதற்கு விலக்கு. நல்ல வேளையாக அவற்றை நாம் வீட்டில் வளர்ப்பதில்லை. இவை உங்களுக்கான குறிப்புகள். மகளுக்குச் சொல்ல வேண்டாம்.

அவளுக்குத் தேவையானது தன் நாயைப் பற்றிய ஒரு சிறு வசனத் தொடர். ‘டாஸ் இஸ்ட் மைன் ஹுண்ட். ஏர் ஹைஸ்ட் ஜிம்மி. ஏர் இஸ்ட் ட்ரை யாரெ அல்ட். ஏர் இஸ்ட் பிரௌன். ஏர் ஃப்ரிஸ்ட் ரைஸ் உண்ட் ஃபிஷ்.’ இது என் நாய், பெயர் ஜிம்மி, மூன்று வயது, மண்ணிறம், சோறும் மீனும் தின்பான் என்பதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை. இதைப் படத்தை வைத்துச் சொல்ல வைக்காமல், மாலையில் முற்றத்தில் நாய்க்குச் சோறு வைக்கும் நேரத்தில் சொல்ல வையுங்கள். நாய் வாலை ஆட்டிக்கொண்டு கோப்பையைச் சுற்றிவரும்போது, ‘வாஸ் ஃப்ரிஸ்ட் ஏர்?’ என்று நீங்கள் கேட்டால் பதில் அவள் கண்முன்னே இருக்கும். நாய் வசனங்கள் நாக்கில் தங்கிய பின்னரே பூனைக்குப் போங்கள். அதே ஐந்து வசனங்களில் ‘மைன்’ என்பது ‘மைனெ’ ஆகி, ‘ஏர்’ இருந்த இடமெல்லாம் ‘ஸீ’ ஆவதைப் பிள்ளை தானாகவே பிடித்துக்கொள்ளும். நாயையும் பூனையையும் ஒரே நாளில் தொடங்கினால் இரண்டும் கலங்கிவிடும்.

ஜேர்மனியின் ஆரம்பப் பள்ளிகளில் ‘ஷ்டெக்பிரீஃப்’ என்ற ஒரு பயிற்சி உண்டு: ஒரு மிருகத்தின் பெயர், வயது, நிறம், உணவு, விருப்பம் என்று குறுந்தலைப்புகள் இட்டுப் பிள்ளைகள் ஒரு தாளை நிரப்புவார்கள். மேலே சொன்ன வசனத் தொடரை அறிந்த பிள்ளைக்கு அந்தத் தாளின் பெரும்பகுதி ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கும்.

எட்டு முதல் பத்து வயதுவரையான பிள்ளைகளுக்கு நகரில் மாலை வகுப்பு நடத்துகிறேன். ‘கிளைன்’ என்ற சொல் சில இடங்களில் ‘கிளைனர்’ என்றும் சில இடங்களில் ‘கிளைனெ’ என்றும் வருவதைப் பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது? – ஓர் ஆசிரியை

இப்போதைக்கு விளக்காதீர்கள். சிறிய நாய், சிறிய பூனை, சிறிய கோழி என்று தமிழில் அடைமொழி அசையாமல் நிற்பதால், நம் பிள்ளைகள் அதே வரிசையில் மொழிபெயர்த்து அடைமொழியைப் பெயருக்கு முன்னே வைத்துவிடுகிறார்கள். ஜேர்மன் மொழியில் மிகச் சிக்கலான இடம் அதுதான்: ‘ஐன் கிளைனர் ஹுண்ட்’, ‘ஐனெ கிளைனெ கட்ஸெ’, ‘ஐன் கிளைனெஸ் ஹூன்’ என்று ஒவ்வொரு பாலுக்கும் ஈறு மாறும், வேற்றுமை மாறினால் இன்னும் மாறும். ஆனால் அதே அடைமொழி வசனத்தின் இறுதிக்கு வந்துவிட்டால் ஈறு எதுவும் இல்லை. ‘டேர் ஹுண்ட் இஸ்ட் கிளைன். டீ கட்ஸெ இஸ்ட் கிளைன். டாஸ் ஹூன் இஸ்ட் கிளைன்.’ மூன்றிலும் சொல் ஒன்றே. ஒரு மிருகத்தை விவரிக்கத் தேவையான அனைத்தையும் இந்த அமைப்பினாலேயே சொல்லிவிடலாம் என்னும்போது, பத்து வயதுப் பிள்ளையை ஈறுகளின் காட்டுக்குள் ஏன் தள்ள வேண்டும்?

‘வீ இஸ்ட் டைன் ஹுண்ட்?’, உன் நாய் எப்படிப்பட்டது, என்று கேட்டுப் பழக்குங்கள். விடை இயல்பாகவே வசன இறுதியில் வரும். சொற்களைத் தேர்வதில் பெரிது, சிறிது, கறுப்பு, வெள்ளை என்பவற்றோடு நின்றுவிட வேண்டாம். குழப்படிக்கார நாய்க்கு ‘ஃப்ரெஷ்’, சோம்பேறிப் பூனைக்கு ‘ஃபௌல்’, சாதுவான ஆட்டுக்கு ‘லீப்’ என்ற சொற்களைக் கொடுத்துப் பாருங்கள். நிறப் பெயருக்குக் கொட்டாவி விட்ட பிள்ளை, தன் பூனையின் சோம்பலைச் சொல்வதற்குக் கையை உயர்த்தும். கறுப்பும் வெள்ளையும் கலந்ததற்கு ‘ஷ்வார்ட்ஸ்-வைஸ்’, புள்ளி போட்டதற்கு ‘கெஃப்ளெக்ட்’, வரிப்பூனைக்கு ‘கெட்டீகெர்ட்’ என்பனவும் நம் ஊர் மிருகங்களுக்கு அவசியமானவை.

‘என்னிடம் நாய் உண்டு’ என்ற வசனத்தில் மட்டும் ஒரு மாற்றத்தைத் தவிர்க்க இயலாது. ‘இஷ் ஹாபெ ஐனென் ஹுண்ட்’ என்பதில் ‘ஐன்’ ‘ஐனென்’ ஆகிறது. ‘ஐனெ கட்ஸெ’, ‘ஐன் ஹூன்’ இரண்டும் அப்படியே இருக்கின்றன. மாறுவது ‘டேர்’ சேர்ந்த பெயர்களுக்கு மட்டுமே என்பதால், இதைப் பாட்டு அடிபோல முழுதாக மனத்தில் ஏற்றிவிடுவதே நலம். பெற்றோர் பரீட்சையைப் பற்றிக் கேட்டால், ஜேர்மன் மொழி கற்பித்துப் பரீட்சை நடத்தும் கோத்தே நிறுவனம் ஏ1 என்ற தொடக்க மட்டத்தில் நடத்தும் சிறுவர் பரீட்சையே 10 முதல் 16 வயதினருக்கானது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். எட்டு வயதுப் பிள்ளையை அவசரப்படுத்துவதற்கு அங்கே ஒரு காரணமும் இல்லை.

எனக்கு ஜேர்மன் எழுத்து வாசிக்க வராது. மகனின் கொப்பியில் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்துப் படிப்பிக்கிறேன். இது சரியா? – ஒரு தந்தை, தம்பலகாமம்

உங்கள் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். மகனின் கொப்பியில் வேண்டாம். அச்சு வசதி கருதி நானும் இந்தப் பகுதியில் தமிழ் எழுத்தையே பயன்படுத்துகிறேன் என்பதால் இந்த அறிவுரை சற்று வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் காரணம் உண்டு. ‘ஹுண்ட்’ என்று தமிழில் எழுதினால் ணகர ஒற்றுக்குப் பின் வரும் டகரத்தை நாம் மெலிந்த ஒலியாகவே வாசிப்போம், ‘வண்டு’ என்பதில் வருவதுபோல. ஜேர்மனியர் அந்த இறுதி ஒலியைப் ‘பட்டு’ என்பதில் உள்ள டகரம்போல வல்லொலியாக முடிப்பார்கள். மிருகத்தைக் குறிக்கும் ‘டியர்’ என்ற சொல்லும் ‘உனக்கு’ என்று பொருள்படும் ‘டியர்’ என்ற சொல்லும் தமிழில் எழுதினால் ஒன்றாகிவிடும். அங்கே முதலாவது வல்லொலியில் தொடங்கும், இரண்டாவது மெல்ல ஒலிக்கும். ஆமையின் பெயரில் வரும் ‘ரோ’ தமிழ் ஓகாரமே அன்று: ‘ஏ’ என்று சொல்லத் தொடங்கி, நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் ‘ஓ’ சொல்வதுபோலக் குவித்தால் வரும் ஒலி அது. பிள்ளைகளுக்கு இதைக் கண்ணாடியின் முன்னால் செய்துகாட்டினால் சிரித்துக்கொண்டே செய்துவிடுவார்கள். பெரியவர்களாகிய நமக்குத்தான் வெட்கம்.

ஆங்கில எழுத்துத் தெரிந்த பிள்ளைகள் இன்னொரு வகையில் தடுமாறுவார்கள். பறவைக்குரிய சொல்லை ‘வோகல்’ என்று வாசிப்பார்கள்; அது ‘ஃபோகெல்’. ஆகவே கேட்பது முதலில், எழுத்து பிறகு. எழுதத் தொடங்கும்போது, பெயர்ச்சொற்கள் அனைத்தையும் வசனத்தின் நடுவிலும் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்பதையும், ‘டேர்’, ‘டீ’, ‘டாஸ்’ சேர்ந்த சொற்களை முறையே நீலம், சிவப்பு, பச்சை நிறங்களில் குறிக்கும் வழக்கம் ஆசிரியர்கள் பலரிடம் உண்டு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நிறப் பென்சில் போதும்.

சூரிச்சிலிருந்து விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகள் பூனையைப் ‘பூசி’ என்கிறார்கள். இங்கே நான் என் மற்றப் பேத்திக்குக் ‘கட்ஸெ’ என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எது சரி? – ஓர் அம்மம்மா, சாம்பல்தீவு

இரண்டும் சரி, அம்மா. சுவிற்சர்லாந்தின் ஜேர்மன் பேசும் பகுதிகளில் வீட்டிலும் தெருவிலும் வழங்குவது அந்நாட்டுப் பேச்சுவழக்கு; பூனைக்கு அவர்கள் செல்லமாக வழங்கும் பெயரைத்தான் உங்கள் பேரப்பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். சூரிச் மாநிலத்தில் முன்பள்ளியில் பேச்சுவழக்கிலேயே பேச வேண்டும் என்று 2011இல் மக்கள் வாக்களித்து முடிவு செய்தார்கள் என்பதால், சின்னவர்களுக்கு அந்தச் சொல் முதலில் வந்ததில் வியப்பில்லை. ஆரம்பப் பள்ளிக்குப் போனதும் வாசிப்பும் எழுத்தும் பொதுமொழியில் நடக்கும். அங்கே ‘கட்ஸெ’ வந்துவிடும். உங்கள் பேத்தி சுவிஸுக்குப் போவதானால் இரண்டையும் அறிந்திருக்கட்டும். வந்த பிள்ளைகளையே ஆசிரியராக்கி, முற்றத்துப் பூனையைக் காட்டி நாள்தோறும் அவளோடு பேச விடுங்கள். அவர்கள் நிற்கும் சில கிழமைகளில் அவள் பிடித்துக்கொள்வதை எந்தக் காணொளியும் தராது.

‘பூனை சாப்பிடுகிறது’ என்பதற்கு மகன் ‘டீ கட்ஸெ இஸ்ட்’ என்று சொன்னான். வகுப்பில் அது பொருந்தாது என்றார்களாம். ஏன்? – ஒரு வாசகர், கிண்ணியா

மனிதர் உண்பதற்கு ‘எஸென்’, மிருகம் தின்பதற்கு ‘ஃப்ரெஸென்’ என்று அம்மொழியில் இரண்டு வினைகள் உள்ளன. மகன் சொன்ன ‘இஸ்ட்’ இந்த ‘எஸென்’ என்பதன் வடிவம்; மேலே வசனங்களில் வந்த ‘இஸ்ட்’ வேறு சொல். ஆகவே ‘டீ கட்ஸெ ஃப்ரிஸ்ட்’ என்பதே வழக்கு. மகன் சொன்னது எவருக்கும் விளங்கும், ஒருவரும் கோபிக்கமாட்டார்கள். மறுபுறம் தவறுவதுதான் ஆபத்து: தம்பி தின்கிறான் என்ற பொருளில் ‘ஃப்ரிஸ்ட்’ என்றால், பன்றிபோல விழுங்குகிறான் என்ற ஏச்சாகிவிடும். பிள்ளைகளுக்கு இது தெரிந்தால் வேண்டுமென்றே அண்ணன் தம்பிமேல் பிரயோகிப்பார்கள். அதுவும் ஒருவகைப் பயிற்சிதான் என்று விட்டுவிடலாம், விருந்தினர் முன்னால் அல்லாதவரை.

எங்கள் வீட்டில் எந்தப் பிராணியும் இல்லை. பிள்ளையைக் கோட்டைக்குக் கூட்டிச் சென்று மான்களைக் காட்டி விவரிக்கப் பழக்கலாமா? – ஒரு தாய், உவர்மலை

தாராளமாக. பிரெட்றிக் கோட்டை வாசலைத் தாண்டிக் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் மரநிழலில் நிற்கும் புள்ளிமான்கள் நம் பிள்ளைகளுக்கு நாய், பூனையைப் போலவே பழக்கமானவை. ‘டேர் ஹிர்ஷ் இஸ்ட் பிரௌன். ஏர் ஹாட் வைஸெ புங்க்டெ’ என்றால் மான் மண்ணிறம், அதற்கு வெள்ளைப் புள்ளிகள் உண்டு என்பது வந்துவிடும். கொம்பு இருக்கிறதா, குட்டி எங்கே, என்ன தின்கிறது என்று கேட்டுக்கொண்டே போகலாம். வீட்டுப் பிராணிகளுக்கு ‘ஹௌஸ்டியர்’ என்றும் காட்டு மிருகங்களுக்கு ‘வில்ட்டியர்’ என்றும் வேறு பெயர்கள் இருப்பதால், மானை முதல் வகையில் சேர்க்கக் கூடாது என்பதை மட்டும் சொல்லிவையுங்கள். ஊருக்குள் சுற்றித் திரிந்தாலும் அது ‘வில்ட்டியர்’தான். பிள்ளை கையில் தின்பண்டத்தைக் கொடுத்து மானுக்கு ஊட்ட அனுப்பாமல், சற்று எட்ட நின்றே பார்க்கச் செய்யுங்கள்.

வழியில் விளையாடுவதற்கு ஜேர்மன் பிள்ளைகளின் பழைய விளையாட்டு ஒன்று இருக்கிறது. ஒருவர் கண்ணில் படும் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு, ‘இஷ் ஸேயெ வாஸ், வாஸ் டூ நிஷ்ட் ஸீஸ்ட், உண்ட் டாஸ் இஸ்ட் ஷ்வார்ட்ஸ்’ என்பார். நீ காணாத ஒன்றை நான் காண்கிறேன், அது கறுப்பு என்பது பொருள். மற்றவர் காகமா, ஆடா, மதிலில் இருக்கும் பூனையா என்று கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். நிறச் சொற்களையும் மிருகப் பெயர்களையும் சேர்த்து நாக்கில் ஏற்ற இதைவிடச் செலவில்லாத வழி எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் பிராணி இல்லாத பிள்ளைக்கு இன்னும் இரண்டு வசனங்கள் வேண்டும். ஜேர்மனியில் நாயைவிடப் பூனை வளர்ப்போர் அதிகம். முயலும் சிறு பறவைகளும் பல வீடுகளில் உண்டு. ஆதலால் ‘ஹாஸ்ட் டூ ஐன் ஹௌஸ்டியர்?’, உன்னிடம் வீட்டுப் பிராணி உண்டா, என்ற கேள்வி வகுப்பில் புதிதாகச் சேரும் பிள்ளையிடம் விரைவிலேயே வரக்கூடும். ‘நைன், இஷ் ஹாபெ கைன் ஹௌஸ்டியர்’, இல்லை, என்னிடம் பிராணி இல்லை, என்பதோடு பேச்சு முடிந்துவிடாமல் இருக்க, ‘இஷ் மொஷ்டெ ஐனெ கட்ஸெ’, எனக்கு ஒரு பூனை வேண்டும், என்பதையும் சொல்லிக் கொடுங்கள். எந்த நிறப் பூனை, என்ன பெயர் வைப்பாய் என்று எதிரில் இருக்கும் பிள்ளை அடுத்துக் கேட்கும். அதற்கான விடைகளை முற்கூட்டியே பேசி வைத்திருங்கள்.